உடைமையாளர் இல்லாத குடும்பத் தொழில்: மதுரை ஆரோலேப், ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில், வீரபாஞ்சான் என்ற இடத்தில் ஆரோலேப்பின் தொழிற்சாலை இருக்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், கண் சொட்டு மருந்து, கண் அறுவைக்கான தையல் நூல், அறுவைக் கத்தி, கண் நீர் அழுத்த நோய்க்கான (கிளாக்கோமா) வடிகால் கருவி ஆகியவை அங்கே தயாராகி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. நிறுவனம் தொடங்கிய 1992ஆம் ஆண்டிலிருந்து அதன் பொறுப்பு பெரும்பாலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய ஒரே குடும்பத்தின் உறவு வட்டத்திலேயே இருந்துவருகிறது. ஆனால் அக்குடும்பத்தில் எவருக்கும் அதில் பங்கு கிடையாது. ஆரோலேப் ஓர் அறக்கட்டளை. ஈவுத்தொகை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மிஞ்சும் பணம் புதிய இயந்திரங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் விரிவாக்கத்துக்கும் செல்கிறது.

குடும்பம் நடத்துகிறது, ஆனால் குடும்பத்துக்குச் சொந்தமில்லை என்ற இந்த ஏற்பாடுதான் ஆரோலேப்பை ஆராயத்தக்க நிகழ்வாக்குகிறது. குறைந்த கூலியால்தான் குறைந்த விலை சாத்தியமாயிற்று என்று இந்நிறுவனத்தைப் பற்றிச் சொல்வோர் உண்டு. அது பாதி விளக்கம்கூட ஆகாது. கூலி குறைந்த ஊர்கள் உலகில் எத்தனையோ இருந்தன. லென்ஸ் அங்கெல்லாம் மலிவாகிவிடவில்லை. தயாரிப்பவரும், பயன்படுத்தும் மருத்துவரும், விலையை முடிவு செய்பவரும் ஒரே வீட்டு மனிதர்களாக இருந்ததன் விளைவுகளைத்தான் நாம் பார்க்க வேண்டும். அவற்றில் நல்லவையும் உண்டு, கேள்விக்குரியவையும் உண்டு.

தொடங்குமுன் ஒரு சிறு குறிப்பு. லென்ஸ் எப்படி மருந்து நிறுவனத்தின் வரலாற்றில் சேரும் என்று சிலர் கேட்கக்கூடும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 2005ஆம் ஆண்டில் இந்திய அரசே மருந்துகள் சட்டத்தின் கீழ் மருந்து என்று அறிவித்துவிட்டது. இதய நாளங்களில் பொருத்தும் ஸ்டென்ட், எலும்பு ஒட்டும் சிமெண்ட் போன்றவையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. எனவே ஆரோலேப்பில் லென்ஸ் பிரிவையும் சொட்டு மருந்துப் பிரிவையும் ஒரே வரலாறாகப் படிப்பதில் பிழையில்லை.

வடமலாபுரத்துக் குடும்பம்

எட்டயபுரம் வட்டாரத்தில் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுச் சிற்றூரில் 1918 அக்டோபர் 1ஆம் நாள், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகக் கோவிந்தப்ப வெங்கடசாமி பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் படித்தார். இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது கடுமையான முடக்குவாதம் தாக்கிக் கைவிரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தை அதன்பின் கைவிட வேண்டியதாயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களைக் கொண்டே நுண் அறுவையைப் பழகிக்கொண்டு, பணிக்காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1956 முதல் மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் துறைக்குத் தலைமை வகித்து, 1976இல் ஓய்வுபெற்றார்.

ஓய்வுபெற்ற அதே ஆண்டில் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் ஈடாகச் சென்றன. மணமாகாத அண்ணன் அழைத்தபோது தம்பி தங்கையரும் அவர்களை மணந்தவர்களும் வந்து சேர்ந்துகொண்டனர். தங்கை ஜி. நாச்சியாரும் அவர் கணவர் பி. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். நிர்வாகம் படித்த ஆர். டி. துளசிராஜ் 1980களின் தொடக்கத்தில் வந்தார். அரசு வேலையும் சொந்த மருத்துவத் தொழிலும் தரக்கூடிய வருமானத்தை விட்டு வந்தவர்கள் இவர்கள். அந்த முடிவை மனமுவந்து ஏற்றவர்களும், மூத்தவர் சொல்லைத் தட்ட முடியாமல் ஏற்றவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. தமிழ்க் குடும்பங்களில் மூத்த அண்ணனின் சொல்லுக்கு இருந்த எடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 

தடித்த கண்ணாடியும் இறக்குமதி லென்ஸும்

1949 நவம்பரில் லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, கண்புரையை நீக்கிய கண்ணுக்குள் பிஎம்எம்ஏ என்ற நெகிழி வகையால் ஆன லென்ஸை முதன்முறையாகப் பொருத்தினார். போர் விமானங்களின் மேற்கூரை உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த அந்த நெகிழிச் சில்லுகள், கண்ணைப் பெரிதும் உறுத்தாமல் அங்கேயே தங்கிவிட்டதை அவர் கண்டிருந்தார். பல்லாண்டு எதிர்ப்புக்குப் பின்னர் 1980களில் மேலை நாடுகளில் இதுவே வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. புரை படிந்த இயற்கை லென்ஸை உறையோடு வெளியே எடுத்துவிட்டு, நோயாளிக்கு ஏறத்தாழ பத்து பவர் கொண்ட தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவதே முகாம்களில் நடந்துவந்த முறை. அந்தக் கண்ணாடி வழியாகப் பொருள்கள் கால் பங்குக்கும் அதிகமாகப் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்குப் பார்வையே இருக்காது. படி இறங்கும்போது கால் தவறும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தவருக்கு இரு கண்களின் உருவங்களும் ஒன்றாக இணையவே மாட்டா. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மறுபடியும் பார்வையற்றவர்தான். வயலில் குனிந்து வேலை செய்பவருக்கு அக்கண்ணாடி எத்தனை நாள் தாங்கும் என்பதை எவரும் கணக்கிடலாம்.

அமெரிக்க நிறுவனங்கள் நன்கொடையாகக் கொடுத்த லென்ஸுகளைக் கொண்டு அரவிந்த் மருத்துவர்கள் புதிய முறையைப் பழகிக்கொண்டிருந்தனர். நன்கொடை வரும் அளவுக்குத்தான் அறுவை நடக்கும். விலை கொடுத்து வாங்குவதென்றால், தயாரிப்பாளரைப் பொறுத்து ஒரு லென்ஸ் சில பத்து டாலரிலிருந்து நூறு டாலரையும் தாண்டும். இந்நிலையில், ஏழை நாடுகளின் பெருந்திரள் திட்டங்களுக்கு உள்விழி லென்ஸ் பொருந்தாது என்று பொதுச் சுகாதார வல்லுநர்கள் பலர் கருதினர். விலை, நுண்ணோக்கியின் தேவை, மருத்துவர்களுக்கு மறுபயிற்சி ஆகிய மூன்றையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். அன்றைய விலையை மாறாத விலையாக எடுத்துக்கொண்டால் அந்த வாதம் சரியானதே. வெங்கடசாமியின் குடும்பம் கேள்விக்குள்ளாக்கியது அந்த விலையைத்தான்.

தொழிற்சாலை பிறந்த விதம்

நேபாளத்தில் பார்வையின்மை ஒழிப்புக்காக 1978இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சேவா அறக்கட்டளையோடு வெங்கடசாமிக்கு ஆரம்பத்திலிருந்தே உறவு இருந்தது. அதன் பணியாளரான டேவிட் கிரீன், நன்கொடை லென்ஸுகளைத் திரட்டி அனுப்பும் வேலையில் ஈடுபட்டிருந்தவர். திரட்டி அனுப்புவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும், செய்முறையையே வாங்கிவிடலாம் என்பதும் அவருக்குப் புலப்பட்டது. பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைத் தர ஆர்வம் காட்டவில்லை. ஃபுளோரிடாவிலிருந்த சிறு நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டது. சேவாவும் வேறு சில அமைப்புகளும் பண உதவி செய்தன. அமெரிக்காவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று அங்கே பணியாற்றிய உறவினரான பி. பாலகிருஷ்ணன் ஊர் திரும்பித் தொழிற்சாலைப் பொறுப்பை ஏற்றார். கண் மருத்துவர்கள் நிறைந்த குடும்பத்தில் ஒரு பொறியாளர் இருந்ததைத் தற்செயல் என்பதா, கூட்டுக் குடும்பத்தின் பலம் என்பதா என்பது அவரவர் பார்வை.

லென்ஸ் தயாரிப்பு விளக்குவதற்கு எளியது, செய்வதற்கு அப்படியில்லை. மருத்துவத் தரம் கொண்ட பிஎம்எம்ஏ தகட்டிலிருந்து வட்டத் துண்டுகளை வெட்டி, கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரத்தில் குறித்த பவருக்கு ஏற்ற வளைவைக் கடைந்தெடுக்க வேண்டும். லென்ஸைக் கண்ணுக்குள் நிலைநிறுத்தும் இரண்டு வளைந்த கைகளையும் அதே துண்டிலிருந்து செதுக்க வேண்டும். பின்னர் நுண்மணிகளோடு உருளைகளில் இட்டு மணிக்கணக்கில் சுழற்றினால்தான் விளிம்புகள் மழமழப்பாகும். அதன்பின் கழுவி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் சோதித்து, பவரை அளந்து, பொதிந்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்க வேண்டும். கையால் பிடிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கீறல் விழலாம். கழுவியபின் மிஞ்சும் மெருகுத் தூள் கண்ணுக்குள் அழற்சியை மூட்டும்.

அந்த வேலைகளைச் செய்ய, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தனர். மருத்துவமனையில் செவிலிப் பணிக்கும் கண் பரிசோதனைக்கும் அரவிந்த் பின்பற்றிவந்த முறையே தொழிற்சாலைக்கும் வந்தது. சம்பளத்தில் ஏற்பட்ட சேமிப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசல் இயந்திரத்தின் விலை மதுரையிலும் மேலை நாட்டு விலைதான். அதைக் கட்டுப்படியாக்க ஒரே வழி, இயந்திரம் நாள் முழுதும் ஓடுவதாகும். அது ஓட வேண்டுமானால் வாங்குவதற்கு ஆள் வேண்டும். வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார்: ஆண்டுதோறும் பல்லாயிரம் புரை அறுவைகளைச் செய்துவந்த அரவிந்த் மருத்துவமனை. புதிதாகத் தொடங்கும் மருந்து நிறுவனத்தைக் கொன்றுவிடக்கூடிய முதல் மூன்று ஆண்டு விற்பனைத் திண்டாட்டத்தை ஆரோலேப் அறிந்ததேயில்லை.

இதைவிட முக்கியமான பயன் தகவல் வந்து சேரும் வேகத்தில் இருந்தது. பொதுவாக ஒரு லென்ஸில் குறை இருந்தால் அது அறுவை மருத்துவரிடமிருந்து விற்பனைப் பிரதிநிதிக்கும், அவரிடமிருந்து நிறுவனத்துக்கும், அங்கிருந்து உற்பத்திப் பிரிவுக்கும் சென்று சேர மாதங்கள் ஆகும். வழியில் அதன் கூர்மையும் மழுங்கிவிடும். இங்கோ அறுவை செய்பவரும் தயாரிப்பவரும் உறவினர்கள். லென்ஸின் கை விறைப்பாக இருக்கிறது என்ற புகார் தொழிற்சாலைக்கு உடனே எட்டிவிடும், எழுத்து வடிவம் பெறுவதற்கு முன்பே.

விலை விழுந்தது எப்படி

ஆரோலேப்பின் லென்ஸ் ஏறத்தாழ பத்து டாலரில் தொடங்கி, சில ஆண்டுகளில் ஐந்து டாலருக்கும் கீழே இறங்கியது. மலிவான பொருள் தரமற்றதாகவே இருக்கும் என்ற ஐயத்தை எதிர்கொள்ளப் பன்னாட்டுத் தரச் சான்றுகளையும் ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ முத்திரையையும் நிறுவனம் பெற்றது. ஆனால் மருத்துவ உலகை நகர்த்தியது சான்றிதழைவிட ஓர் ஆய்வு என்றே நான் கருதுவேன். இரு கண்களிலும் பார்வை இழந்திருந்த 3,400 புரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறுபாதிக்குப் புதிய முறையும் லென்ஸும் அளித்து மதுரையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1998இல் வெளியான அதன் முடிவுகள், பார்வைத் திறனிலும் அன்றாட வாழ்க்கைத் தரத்திலும் லென்ஸ் பெற்றவர்கள் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டின. ஏழைகளுக்குக் கண்ணாடியே போதும் என்ற நிலைப்பாட்டுக்கு அதன்பின் மருத்துவ அடிப்படை எதுவும் மிஞ்சவில்லை.

அதே காலத்தில் உலக வங்கிக் கடனுதவியோடு 1994இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் புரை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் இந்தியப் புரை அறுவைகளில் லென்ஸ் வைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் லென்ஸ் இல்லாத அறுவை அரிதாகிவிட்டது. இந்த மாற்றம் முழுவதையும் ஆரோலேப்பின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. சென்னையின் அப்பாசாமி அசோசியேட்ஸ் போன்ற நிறுவனங்களும் லென்ஸ் தயாரிப்பில் இறங்கிப் போட்டியிட்டன. காத்மண்டுவிலும் எரித்திரியாவின் அஸ்மாராவிலும் ஆஸ்திரேலியாவின் பிரெட் ஹாலோஸ் அறக்கட்டளையின் துணையோடு 1990களில் லென்ஸ் ஆலைகள் எழுந்தன. ஆரோலேப் செய்தது, இந்த விலையில் விற்றும் ஒரு நிறுவனம் நிலைத்து நிற்கலாம் என்று காட்டியதுதான். அதன்பின் மற்றவர்கள் பழைய விலையைச் சொல்ல முடியாமல் போயிற்று.

1990களின் இறுதியில் தையல் நூலிலும் இதே கதை நடந்தது. தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலை, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஊசியோடு இணைப்பது மிக நுட்பமான வேலை. இறக்குமதிப் பெட்டியின் விலையில் கால் பங்குக்கும் குறைவாக ஆரோலேப் அதை விற்றது.

சொட்டு மருந்து: நெல் வயலிலிருந்து ஒரு தேவை

மருந்துப் பிரிவின் தொடக்கம் லென்ஸைப் போலப் பேசப்படுவதில்லை. என் பார்வையில் இந்நிகழ்வின் கூடுதல் சுவையான பகுதி அதுவே.

கதிர் அறுக்கையில் நெல் தாள் குத்துவது, போரடிக்கையில் தூசி தெறிப்பது, மாட்டு வால் கண்ணில் அடிப்பது ஆகியவை தென்மாவட்ட விவசாயிகளுக்கு அன்றாடச் செய்திகள். அந்தச் சிறு கீறல் வழியே பூஞ்சை நுழைந்தால் கருவிழி (கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான கார்னியா) புண்ணாகிறது. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு மிஞ்சி, கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரார் சொல்லும் நிலை வருகிறது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் கணக்கிடப்பட்ட விகிதத்தைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. 1997இல் வெளியான இன்னொரு மதுரை ஆய்வில், மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளுள் கிருமி கண்டறியப்பட்டவர்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறத்தாழ சரிபாதியாக இருந்தன.

மேலை நாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் பூஞ்சைக் கருவிழிப் புண் சிறு சந்தை. நேட்டமைசின் என்ற ஒரே மருந்துதான் கண் பூஞ்சைக்கென்று 1978 முதல் அமெரிக்க ஒப்புதல் பெற்றிருந்தது. அந்நோய் அதிகமாயிருந்த நாடுகளில் அது எளிதில் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை எட்டவில்லை. நோயாளி உழவராக இருப்பதால் சந்தை சிறுத்துத் தெரிகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அது சிறிய சந்தையே அல்ல. தன் சொந்தப் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் அந்நோயைக் காணும் குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டைக் காட்டச் சந்தை ஆய்வு தேவைப்படவில்லை. ஆரோலேப் பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்துகளைத் தயாரிக்கத் தொடங்கியது. எந்த மருந்து சிறந்தது என்ற கேள்வியை நாச்சியார், நம்பெருமாள்சாமி தம்பதியரின் மகனான கருவிழி மருத்துவர் வெங்கடேஷ் பிரஜ்னா தொடர் ஆய்வுகளாக எடுத்துக்கொண்டார். 2003இல் நேட்டமைசினையும் ஈகோனசோலையும் ஒப்பிட்ட ஆய்வு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, புதியதும் விலை அதிகமானதுமான வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசினே மேலானது என்று காட்டியது. பியூசேரியம் வகைப் பூஞ்சையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நேட்டமைசினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புதிய மருந்து வென்றிருந்தால் எந்த நிறுவனத்துக்கும் வணிக நன்மைதான். அந்த மருந்து தோற்றது என்ற முடிவை, இரண்டு மருந்துகளையும் விற்கும் நிறுவனத்தின் குடும்பமே உலகுக்கு அறிவித்தது.

ஒரு சிறு குப்பி மோக்சிஃபுளாக்சசின்

புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் ஓரிரு நாளில் பார்வை பறிபோகலாம். நூறு அறுவை செய்யும் மருத்துவருக்கு அது ஒரு முறைகூட நேராமல் போகலாம்; ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் அறுவை செய்யும் நிறுவனத்தில், ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவான விகிதமும் நூற்றுக்கணக்கான கண்கள் என்று பொருள்படும்.

அறுவை முடிந்ததும் நுண்ணுயிர்க்கொல்லியை நேரே கண்ணின் முன்னறைக்குள், அதாவது கருவிழிக்குப் பின்னுள்ள இடைவெளிக்குள், செலுத்தினால் தொற்று குறையும் என்பதை ஐரோப்பிய ஆய்வு ஒன்று முன்பே காட்டியிருந்தது. நடைமுறையில் சிக்கல் மருந்தின் வடிவத்தில் இருந்தது. வெளியே விடும் சொட்டு மருந்தில் கெடாமல் காக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கும். அவை கண்ணுக்குள் சென்றால் கருவிழியின் உட்படலத்தைச் சிதைக்கும். வேறு வழியின்றி அறுவை அரங்கிலேயே மருந்தைக் கரைத்து நீர்க்கச் செய்தால், அளவு பிறழவும் கிருமி புகவும் வாய்ப்புண்டு. காக்கும் பொருள் எதுவும் சேராத, முன்னறைக்குள் நேரே செலுத்தத்தக்க அளவில் சிறு குப்பியில் அடைத்த மோக்சிஃபுளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஆரோமாக்ஸ் என்ற பெயரில் ஆரோலேப் தயாரித்தது. வேதியியல் நோக்கில் இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அறுவை மேசையில் செவிலியின் கையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த ஒருவர் கேட்டுப் பெற்ற வடிவம் அது.

அரவிந்த் மருத்துவமனைகள் அதைப் படிப்படியாக எல்லா அறுவைகளுக்கும் விரிவாக்கின. அந்த விரிவாக்கமே ஒப்பீட்டுக்கு வழி செய்தது. 2014க்கும் 2016க்கும் இடையில் நடந்த 6,17,453 அறுவைகளை ஆராய்ந்த கட்டுரை 2017இல் வெளியானது. மருந்து செலுத்தாத 3,02,815 கண்களில் 214இல் தொற்று ஏற்பட்டிருந்தது. செலுத்திய 3,14,638 கண்களில் 64இல் மட்டுமே. நூற்றுக்கு 0.07 என்ற விகிதம் 0.02க்கு இறங்கியிருந்தது. ஆய்வை நடத்திய ஹரிப்ரியா அரவிந்த் அக்குடும்பத்தின் மருமகள். உடன் எழுதியவர்களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கண் மருத்துவர் டேவிட் சாங் இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கென ஒப்புதல் பெற்ற நுண்ணுயிர்க்கொல்லித் தயாரிப்பு ஒன்றுகூட இல்லை. அங்குள்ள மருத்துவர்கள் மதுரையின் எண்களைச் சுட்டி வாதிட வேண்டிய நிலை உருவானது.

எழக்கூடிய எதிர்ப்பு

மருந்தைத் தயாரிப்பது, வாங்குவது, நோயாளிக்குக் கொடுப்பது, அது பயன்தருகிறது என்று ஆய்வு எழுதுவது ஆகிய நான்கையும் ஒரே குடும்பம் செய்தால் யார் யாரைச் சரிபார்ப்பது? மருத்துவ நெறி பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆரோமாக்ஸ் ஆய்வு குலுக்கல் முறையில் நடந்ததன்று. முன்னும் பின்னுமாக நடந்த அறுவைகளை ஒப்பிட்டது. இடைப்பட்ட காலத்தில் அறுவை அரங்கின் தூய்மையோ மருத்துவர்களின் பயிற்சியோ மேம்பட்டிருந்தால் அதன் பலனும் மருந்தின் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும்.

இதற்கான மறுமொழிகளில் சில வலுவானவை. ஆதாயம் எவர் பைக்கும் போவதில்லை என்பதால் முடிவைத் திரிக்கும் பணத்தூண்டுதல் மெலிந்துவிடுகிறது. ஆய்வுகளில் வெளிப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்றன. குறைப்பு மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில் இருப்பதைத் தூய்மை முன்னேற்றத்தால் மட்டும் விளக்குவது கடினம். வேறு நாடுகளின் அனுபவமும் அதே திசையில்தான் இருக்கிறது. எனினும், பணத்தூண்டுதல் இல்லாத இடத்தில் புகழின் தூண்டுதல் இருக்கலாம். குடும்பப் பெரியவரின் கனவு தவறாக இருக்கக்கூடும் என்று உள்ளே இருப்பவர் சொல்வது, பங்குதாரரை எதிர்ப்பதைவிடக் கடினமாகவும் இருக்கலாம். நேட்டமைசின் ஆய்வு இந்த ஐயத்துக்கு எதிரான நல்ல சான்று. ஆனால் ஒரு சான்றை வைத்து அமைப்பு முழுவதற்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது.

விற்பனையிலும் இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அரவிந்த் என்ற உறுதியான வாடிக்கையாளருக்குப் பழகிய நிறுவனம், தன்னை அறியாத வாடிக்கையாளரிடம் விற்கக் கற்பதற்குக் காலம் எடுத்துக்கொண்டது. மலிவு என்பதே அடையாளமாகிவிட்டதால், தனியார் மருத்துவமனைகளில் கூடுதல் விலை கொடுக்க முன்வந்த நோயாளிக்கு மருத்துவர்கள் வெளிநாட்டு லென்ஸையே பரிந்துரைத்தனர். பங்குச் சந்தைக்குப் போகும் வழி இல்லாததால், விரிவாக்கம் மிச்சப் பணத்தின் வேகத்தில்தான் நடக்க முடியும். மடங்கும் லென்ஸ் வகைகளில் பெரும் பன்னாட்டு நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் தொகையோடு ஆரோலேப் போட்டியிட இயலாது; அவை வெளியிட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின் அதே வகையை எட்டிப் பிடிப்பதே அதன் வழக்கமாக இருந்துவருகிறது.

உடைமை இல்லாத வாரிசுரிமை

வெங்கடசாமி 2006 ஜூலை 7இல் காலமானார். நிறுவனர் மறைந்ததும் சகோதரர்கள் பிரிவது, மகன்கள் பங்கு கேட்பது, வழக்கு நீதிமன்றப் படியேறுவது என்று தமிழகத் தொழிற்குடும்பங்களில் நாம் காணும் வரிசை இங்கே நிகழவில்லை. நிறுவனருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதும், பிரித்துக்கொள்ளச் சொத்தே இல்லை என்பதும் வெளிப்படையான காரணங்கள். மருத்துவமனையின் தலைமை நம்பெருமாள்சாமியிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது. ஆரோலேப்பின் பொறுப்பு பாலகிருஷ்ணனுக்குப் பின் ஸ்ரீராம் ரவில்லாவிடம் வந்தது. குடும்பத்தின் பல கிளைகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அரவிந்த் நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர்.

பிரித்துக்கொள்ளச் சொத்து இல்லாத இடத்திலும் பதவி உண்டு, அதிகாரம் உண்டு. உறவினர் அல்லாத திறமைசாலி ஒருவர் எந்தப் படிவரை ஏற முடியும் என்ற கேள்வி எல்லாக் குடும்ப நிறுவனங்களுக்கும் பொதுவானது. அறக்கட்டளை என்பதால் அது மறைந்துவிடாது. குடும்பத்தில் பிறந்தவர் கண் மருத்துவத்தைத் தவிர வேறொன்றை விரும்பினால் என்ன ஆகும் என்பதும் அதன் மறுபக்கம். இதுவரை மூன்று தலைமுறைகளிலும் போதிய எண்ணிக்கையினர் விரும்பி வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வெளியே உள்ளவர்களின் சோதனைக்கு அண்மைக் காலத்தில் உள்ளானது, 2013இல் அறிமுகமான கண் நீர் அழுத்த நோய் வடிகால் கருவி. கண்ணுக்குள் அழுத்தம் மருந்துக்கும் வழக்கமான அறுவைக்கும் கட்டுப்படாதபோது, ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய் வழியே நீரை வெளியேற்றி, விழிவெண்படலத்தின் மேல் தைத்த 350 சதுர மில்லிமீட்டர் தட்டைச் சுற்றி உறிஞ்ச விடுவது அதன் வேலை. மேலை நாட்டுக் கருவி பல நூறு டாலர். ஆரோலேப்பின் கருவி ஏறத்தாழ 50 டாலர். லென்ஸைப் போலவோ ஆரோமாக்ஸைப் போலவோ இதை அரவிந்த் மட்டும் சோதிக்கவில்லை. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்கள், கட்டுப்படாத அழுத்தம் கொண்ட குழந்தைகளின் கண்களில் அதைப் பொருத்தித் தங்கள் முடிவுகளைத் தனியே வெளியிட்டனர். அழுத்தம் குறைந்த அளவும் நேர்ந்த சிக்கல்களும் விலையுயர்ந்த கருவியின் முடிவுகளோடு ஒப்பிடத்தக்கவையாக இருந்தன. அதன்பின் இந்தியாவின் மற்ற கண் மருத்துவமனைகளும் வெளிநாட்டு மையங்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. குழந்தையின் கண்ணுக்குப் பல நூறு டாலர் கருவியை வாங்க வழியில்லாமல் பார்வையை விட்டுக்கொடுக்கும் முடிவை, அம்மையங்களில் பெற்றோர் இப்போது எடுக்க வேண்டியதில்லை.